திராட்சைப் பந்தலுக்குள் ஒரு படகு

எனக்கு டீ ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அன்று நடந்த அத்தனைக்கும் அதுதான் ஆரம்பம்.

கேரளாவில் வேம்பநாட்டுக் காயல் என்கிற பெரிய உப்பங்கழி. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. நான் படகின் முன்பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வைக்கத்தில் வாங்கிய பழம்பொரியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்து பின்பக்கம் இருந்தார். ஒரு கையில் சுக்கான் கட்டை, இன்னொரு கையில் பாய்க்கயிறு. பாய்மரப் படகு ஓட்டுகிறவர் இந்த இரண்டையும் விடக்கூடாது. ஆக, டீ ஊற்ற வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு கை வேண்டும்.

"தலவலிக்குதுன்னியே லூர்து. சூடா ரெண்டு மடக்கு குடிச்சா சரியாப் போகும்" என்றார்.

"நானே வந்து ஊத்திக்கிறேங்க."

"ஒக்காரு அங்கனயே. படகுல நடக்காத."

சொல்லிவிட்டுப் பாய்க்கயிற்றை இழுத்துப் பக்கத்தில் இருந்த கொக்கியில் கட்டினார். சுக்கானுக்குத் தொடையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு ஃபிளாஸ்க் மூடியைத் திருகினார். மூடி நிறைய டீயை ஊற்றி என் பக்கம் நீட்டவும், காற்று வந்து பாயை ஒரு தள்ளுத் தள்ளவும் சரியாக இருந்தது. படகு அப்படியே ஒருக்களித்துச் சாய்ந்தது. ஃபிளாஸ்க் உருண்டது, டிபன் டப்பா உருண்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பிப் பார்த்தபோது சுக்கானில் ஆள் இல்லை.

படகையும் என்னையும் கொஞ்ச நேரம் இங்கேயே விட்டுவிட்டுப் பழைய கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. மலையடிவாரத்து ஆட்களுக்குப் படகு எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டால், இந்த வயதில் இவர்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். என் மகன் இன்றும் அதைத்தான் கேட்கிறான்.

பழம் கொண்டுபோன வண்டி

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு உத்தமபாளையத்தில் இருக்கும் என் இரும்புக்கடையைத் தெரியும். ஆணி, கயிறு, பைப்பு, மண்வெட்டி, தார்ப்பாய், எல்லாம் கிடைக்கும். கடை எனக்கு, தோட்டம் அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் இது. அவர் கல்லாவில் கை வைக்க மாட்டார், நான் கொடியில் கை வைக்க மாட்டேன்.

ராயப்பன்பட்டியில் எங்கள் தோட்டத்தில் பன்னீர் திராட்சை இருந்தது. பழம் வெட்டியதும் அவரே பிக்கப் வண்டியில் ஏற்றி, குமுளி மலை ஏறி, எர்ணாகுளம் மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவார். இறக்கியதும் மற்ற வண்டிக்காரர்கள் துண்டை விரித்துத் தூங்கிவிடுவார்கள். இவர் மட்டும் கடற்கரைப் பக்கம் போய்விடுவார். டீ குடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள், நானும்தான்.

அங்கே போய் அவர் வெள்ளைப் பாய் கட்டிய சின்னச் சின்னப் படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வருசக்கணக்காக. பிள்ளைகள் பழகுகிற படகுகள். சத்தமில்லாமல் போகும், சத்தமில்லாமல் திரும்பும். இதை என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் மனுசனுக்குள் இப்படி ஒரு ஆசை இருந்தது எனக்குத் தெரியாமலே போனது என்று நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிறகு திராட்சைக்குக் கெட்ட காலம் வந்தது. இலையில் நோய், வேலைக்கு ஆள் கிடையாது, பழம் வெடிக்கிற நேரம் பார்த்து மழை. ஒரு கட்டத்தில் கொடியை வெட்டி எடுத்துவிட்டார். கல்தூண்களும் மேலே கம்பியும் மட்டும் அப்படியே நின்றன. கவாத்துக் கத்திரியை மட்டும் அவர் விடவில்லை. வெட்டுவதற்குக் கொடி இல்லாத காலத்திலும் அது அவர் பையில் கிடந்தது.

தோட்டம் போனதும் என் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். சும்மா இருக்கும் ஆம்பளையைக் கடையில் வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஒரு வாரத்தில் என் ஆணி டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டார். முக்கால் இஞ்சு ஆணி கேட்டு வந்தவரை நிற்க வைத்துவிட்டு நான் கடை முழுக்கத் தேடினேன்.

அதனால்தான், எர்ணாகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் ஜீப்புக்குப் பின்னால் ஒரு படகை இழுத்துக்கொண்டு வந்து இறங்கியபோது, எனக்குக் கோபம் பாதிதான் வந்தது. மீதிப் பாதி, ஆள் கடையை விட்டுத் தொலைந்தார் என்ற நிம்மதி.

எந்தச் செபம் சொல்வது?

அந்தப் படகு ஒரு டாக்டருடையது. வெளிநாட்டில் இருக்கும் மகளோடு தங்கப் போகிறவர், நல்ல கை பார்த்துக் கொடுத்துவிட்டார். ஃபைபர் உடம்பு, மடக்கிப் படுக்க வைக்கிற பாய்மரம், பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன மோட்டார், இழுத்துப் போக இரண்டு சக்கர வண்டி. ஏழெட்டுப் பேர் நெருக்கி உட்காரலாம். குமுளி செக்போஸ்ட்டில் நிறுத்தி, என்ன லோடு என்று கேட்டிருக்கிறார்கள். படகு என்றதும், அது தெரியுது, படகுக்குள்ள என்ன லோடு என்று திரும்பவும் கேட்டிருக்கிறார்கள். மலை ஏறிக் காய்கறி போகும், மலை இறங்கி ஏலக்காய் வரும். வெறும் படகு வந்து அவர்கள் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் டிராக்டர் வாங்கினாலும் ஸ்கூட்டர் வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் முன்னால் நிறுத்தி மந்திரிப்பது வழக்கம். படகையும் கொண்டுபோய் நிறுத்தினோம். பங்குச்சாமியார் தீர்த்தச் செம்போடு வந்து, படகைச் சுற்றி ஒரு நடை நடந்து, புத்தகத்தைப் புரட்டினார்.

"வண்டிக்குச் செபம் இருக்கு, வீட்டுக்கு இருக்கு, கெணத்துக்குக்கூட இருக்கு. படகுக்கு நான் எங்கன போறது சவரி?"

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்போஸ்தலர்ல பாதிப் பேரு படகு வச்சிருந்தவுகதான சாமி!"

சாமியாரே சிரித்துவிட்டார். கடைசியில் வண்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு செபத்தையும் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். தண்ணீரே படாத படகுக்கு ஊரில் எல்லாருடைய ஆசீர்வாதமும் கிடைத்துவிட்டது.

படகை நிறுத்தக் கூரை வேண்டுமே. வெறும் பந்தலுக்குள் கொண்டுபோய் நிறுத்தி, மேலே கம்பியில் என் கடைத் தார்ப்பாயைப் போட்டோம். அங்கேதான் அவர் பாய் கட்டப் பழகினார். அப்போது ஆடி மாதம். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஓலைக் கொட்டகைகளைக் கேளுங்கள். ஒரு வரிசைக் கம்பியை அவிழ்த்துவிட்டு, பாய்மரத்தை நிமிர்த்தி, பாயை ஏற்றினார். படகு சக்கரத்தோடு கிளம்பிவிட்டது. பந்தலடியில் விதைத்திருந்த சோளத்தட்டைக்குள் கொஞ்ச தூரம் ஓடி, கல்தூணில் இடித்துத்தான் நின்றது. வரப்பில் நின்று பார்த்தவர்கள் கை தட்டினார்கள்.

அந்த ஆடியில் அவர் காற்றைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டார். ஆனால் எல்லாம் எங்கள் ஊர்க் காற்று. மேற்கேயிருந்து, ஒரே பக்கமாக, நாள் முழுக்க வீசுகிற காற்று. அது வருவதற்கு முன்னாலேயே தூரத்துத் தென்னந்தோப்பில் ஓலை இரையும். காதில் விழுந்ததும் குடையை மடக்கிவிடுவோம். தோப்பே இல்லாத இடத்தில் காற்று எப்படி வரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

பனியன் போட்ட குடம்

மழை முடிந்ததும் படகை வைக்கத்துக்குக் கொண்டுபோனோம். சாராம்மா என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை வீட்டுக்குப் பின்னால் காயலை ஒட்டிப் படித்துறை இருக்கிறது. வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுவார். சனிக்கிழமை போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவோம். சாராம்மாவின் தமிழும் எங்கள் மலையாளமும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. இரண்டு பக்கமும் பாதி புரியும், மீதிக்குச் சிரித்துக்கொள்வோம்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு திட்டம் இருந்தது. வைக்கத்திலிருந்து காயல் வழியாகவே வடக்கே போய், வழியில் தங்கித் தங்கி, கொச்சி துறைமுக வாய்க்குப் போவது. அங்கே காற்று அடங்கி இருக்கும் ஒரு காலையில் கடலுக்குள் கொஞ்சம் போய்விட்டுத் திரும்புவது. எத்தனையோ வருசம் கரையில் நின்று பார்த்த அதே இடத்தை ஒரு தடவை தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பாலத்துக்கு அடியில் மரத்தை மடக்க வேண்டும், எங்கே நங்கூரம் போடலாம் என்று சாராம்மாவின் உறவுக்காரர்களை எல்லாம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார்.

"நானும் வர்றேன். ஆனா எனக்கும் படகு ஓட்டத் தெரியணும்" என்றேன்.

"நான் ஓட்டுறேன்ல?"

"நீங்க தண்ணிக்குள்ள விழுந்துட்டீகன்னா? நான் படகுல உக்காந்து செபமால சொல்லவா?"

அன்றிலிருந்து என் சட்டம் அமலுக்கு வந்தது. படகில் கால் வைத்தால் மிதவைச் சட்டை, அதில் ஒரு விசில். போன் பிளாஸ்டிக் உறைக்குள். அப்புறம், விழுந்த ஆளைத் திரும்பிப் போய் எடுக்கிற பயிற்சி. இது முடியாமல் கொச்சிப் பேச்சே எடுக்கக்கூடாது.

ஆளுக்குப் பதிலாக என் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுபோனோம். பாதி தண்ணீர் நிரப்பி, அவருடைய பழைய பனியன் ஒன்றை மாட்டி, வாயைக் கட்டினேன். அவர் அதைத் தூக்கி வீசிவிட்டு, "ஆள் விழுந்துட்டான்!" என்று கத்துவார். நான் போய் எடுக்க வேண்டும்.

குடத்தைப் பார்த்து நேராகப் போகக்கூடாது என்பதே எனக்கு லேசில் புரியவில்லை. முதலில் தள்ளிப் போக வேண்டும். பிறகு சுற்றித் திரும்பி, காற்றுக்கு எதிராக வர வேண்டும். பாயைத் தளர்த்திவிட்டால் காற்றே பிரேக் பிடித்துப் படகை ஆள் பக்கத்தில் நிறுத்திவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானோ குடத்தின் மேலேயே ஏற்றினேன். ஒரு தடவை பனியன் மட்டும் கையில் வந்தது, குடம் கரை ஒதுங்கிவிட்டது.

"அந்தா போறேன் பாரு" என்று மிதந்து போகும் குடத்தைக் காட்டினார் அவர். "எனக்கு வீட்ல இருக்குற மரியாததான் தண்ணிக்குள்ளயும்."

கார்த்திகை போய், மார்கழி போய், ஒரு வழியாக எனக்குக் கை வந்தது. குடம் பக்கத்தில் படகு தானாக நின்ற அன்று சாராம்மா படித்துறையிலிருந்து கை தட்டினார். சேலையில் இதெல்லாம் முடியாது என்று சுடிதாருக்கு மாறியதும் அப்போதுதான். ஊரில் அதைப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

லோடு முடிச்சு

இப்போது படகுக்குத் திரும்பிவிடலாம். தை மாதம். சுக்கானில் ஆள் இல்லை.

பின்னால் கொஞ்ச தூரத்தில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும் அதற்கு மேலே அவர் தலையும் தெரிந்தன. விசில் சத்தம் கேட்கவில்லை. கை மட்டும் ஒரு தடவை தூக்கினார். நான் தவழ்ந்து பின்பக்கம் போனேன். முதல் வேலை பாய்க்கயிற்றை விடுவது. காற்று வெளியே போனால் படகு நின்றுவிடும். அதற்குத்தானே அத்தனை நாள் பழகினோம்.

கயிறு வரவில்லை. குனிந்து பார்த்தால், அவர் போட்டிருந்தது லோடு முடிச்சு.

எங்கள் பக்கத்தில் வாழைத்தார், திராட்சைப் பெட்டி, காய்கறி மூட்டை என்று எதை வண்டியில் ஏற்றினாலும் கடைசியில் கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போடுவார்கள். மேலே இன்னும் இரண்டு சுற்று, அதற்கு மேலே ஒரு பூட்டு. குமுளி மலையில் எத்தனை வளைவு திரும்பினாலும் அசையாது. வண்டி குலுங்கக் குலுங்க இறுகும். இவர் போடுகிற கட்டு அவிழ்ந்து ஒரு பெட்டிகூடச் சாய்ந்ததில்லை என்று மார்க்கெட்டில் பேர் வாங்கியவர். டீ ஊற்றுகிற அவசரத்தில் மூளை ஒன்றும் யோசிக்கவில்லை, கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. படகில் எந்தக் கயிற்றையும் ஒரே இழுப்பில் விடுகிற மாதிரிதான் கட்ட வேண்டும் என்று படகைக் கொடுத்த டாக்டர் அவருக்குப் படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

படகு தானாகக் காற்றைப் பார்த்துத் திரும்பும், பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், மறுபடி விலகும், மறுபடி பாய் நிறைந்து சாயும். ஒவ்வொரு சாய்வுக்கும் அவர் இன்னும் தள்ளிப் போனார். நான் நகத்தால் பிராண்டினேன், பல்லால்கூடக் கடித்தேன். அழுதுகொண்டேதான் கடித்தேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அவர் பை காலில் தட்டியது. கவாத்துக் கத்திரி.

அது என் கடையில் விற்ற கயிறு. நல்ல சரக்கு, லேசில் அறுபடாது என்று நானே சொல்லிச் சொல்லி விற்றது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அது. இரண்டு கையாலும் கத்திரியை அழுத்தி, ஒவ்வொரு புரியாக நறுக்கினேன். அறுந்ததும் பாய் விட்டு விலகி வெளியே ஆடியது, படகு அமைதியானது. மோட்டாரைக் கிளப்பித் திரும்பினேன். பக்கத்தில் போனதும் மோட்டாரை நிறுத்தினேன், விசிறி காலில் பட்டுவிடக் கூடாதே. கயிற்றை வீசி, ஏணியை இறக்கி, சட்டையின் தோள்பட்டியைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினேன்.

தரையில் உட்கார்ந்தார். எப்போதும் போல இருந்திருந்தால், குடத்தைவிட நான் கனமா என்று கேட்டிருப்பார். அறுந்த கயிற்று நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

பேச்சு நின்ற வீடு

படகு பந்தலுக்குத் திரும்பியது. அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

படகோடு முடிந்திருந்தால் எனக்குச் சந்தோசம்தான். அவர் ஜீப்பையும் தொடவில்லை. கம்பத்துக்குப் போகக்கூடப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டார். அத்தனை வருசம் மலைப்பாதையில் பழ வண்டி ஓட்டிய மனுசன். பம்புசெட் மோட்டார் சுவிட்சைப் போடு என்றால், நீயே போடு என்பார். தேனியில் டாக்டரிடம் காட்டினேன். பிரசர் இல்லை, சுகர் இல்லை, நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றார். கடைக்கு வந்தாலும் ஆணி டப்பாவைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். டப்பாவை மாற்றி வைத்துத் தொலைக்க மாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து மகன் போன் பண்ணினான். "அம்மா, அத வித்துருங்க. நீங்க ரெண்டு பேரும் அங்கன தண்ணில கெடந்தா நான் இங்கன நிம்மதியா இருக்கவா?"

"அப்பாட்ட கேளுடா."

போனைக் கொடுத்தேன். "வித்துரு" என்றார் அவர். அந்த ஒரு சொல்தான். கொச்சி என்றோ கடல் என்றோ ஒன்றும் இல்லை. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.

குமரகம் பக்கம் விடுதி வைத்திருக்கும் ஒருவரை மகனே பேசி முடித்தான். தோட்டத்தில் படகை நிறுத்தி, அதற்குள் மண் போட்டு, பூச்செடி வைக்கப் போகிறாராம். எனக்குப் படகு மேல் அப்படி ஒன்றும் பாசம் கிடையாது. ஆனால் மண் போட்டு நிரப்பப் போவது படகை மட்டும்தானா என்று நினைத்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. இதைவிட அவர் காயலில் கிடந்தபோது எனக்குப் பயம் குறைவு. அங்கே அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

விற்கப் போன காலை

வாங்குகிறவர் வைக்கத்துக்கு வந்து பார்த்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. டிரைவர் ஒருவரை வைத்துப் படகைக் கொண்டுபோனோம். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்து வந்தார்.

காலையில் நான் சாராம்மாவைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். "ப்ராந்தாணோ சேச்சி?" என்றார், பைத்தியமா என்று. ஆனாலும் தம்பியைக் கூப்பிட்டு, வள்ளத்தோடு கொஞ்சம் தள்ளி நில், கூப்பிட்டால் மட்டும் வா என்று சொல்லிவிட்டார்.

"வாங்குறவுக வர நேரமாகும். கடைசியா ஒரு சுத்துப் போய்ட்டு வருவோம்" என்றேன் இவரிடம்.

"நீ ஓட்டுறதா இருந்தா வர்றேன்."

வந்தார். நடுவில், பயணி மாதிரி உட்கார்ந்துகொண்டார். மெல்லிய காற்று, தண்ணீரில் சின்னச் சுருக்கம்தான். நீர்ப்பாசி இல்லாத இடமாகப் பார்த்துப் போனேன். என் மிதவைச் சட்டையின் பட்டையை எல்லாம் இழுத்துச் சரிபார்த்தேன். விசில் இருந்தது. போனை உறையோடு அவர் பக்கத்தில் வைத்தேன்.

"இதக் கொஞ்சம் பிடிங்க" என்று பாய்க்கயிற்றை நீட்டினேன். பஸ்ஸில் யாரோ கொடுத்த பையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார்.

நான் சுக்கானை விட்டுவிட்டுப் பின்பக்கமாகக் குதித்தேன்.

தண்ணீர் குளிராகத்தான் இருந்தது. மேலே வந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தால், படகு போய்க்கொண்டிருக்கிறது. நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் தண்ணீரில் கிடந்து பார்க்கும்போது அது வேறாக இருந்தது. பாய் அவ்வளவு உயரம், அவ்வளவு வெள்ளை, நம்மைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் அது பாட்டுக்குப் போகிறது. நடுவில் ஒரு மனுசன் கயிற்றைப் பிடித்தபடி எழுந்து நிற்கிறார். அவர் கத்துவது கேட்டது. "ஏ லூர்து! ஏ லூர்து!"

நான் விசில் ஊதவில்லை. வள்ளக்காரத் தம்பியைப் பார்த்து, வராதே என்று கை காட்டினேன். வாய்க்குள் மரியே வாழ்க சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் உட்கார்ந்தார். பின்பக்கம் நகர்ந்தார். கை சுக்கானுக்குப் போனது தெரிந்தது.

முதல் சுற்றில் என்னை நேராகப் பார்த்து வந்தார். வேகம் அதிகம். என்னைத் தாண்டிப் போய்விட்டார். போகும்போதே என்னைத் திட்டினார், பாதிதான் கேட்டது. எனக்கு வாய்க்குள் தண்ணீர் போனது, சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. இரண்டாவது சுற்றில் தள்ளிப் போனார், அகலமாகத் திரும்பினார், காற்றுக்கு எதிராக வந்தார். பாயைத் தளர்த்தினார். படகு தயங்கித் தயங்கி, என் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றது.

தோள்பட்டியைப் பிடித்து என்னை இழுத்து உள்ளே போட்டார். போட்டதும் ஆரம்பித்தார்.

"அறிவிருக்காத்தா ஒனக்கு? வயசு என்ன ஆச்சு? பேரன் பேத்தி எடுத்தவ செய்யிற வேலையா இது? நான் வராமப் போயிருந்தா?"

"வந்தீகள்ல?"

"அன்னைக்கு நான் தண்ணிக்குப் பயந்தேன்னு நெனச்சியா? தண்ணி எனக்கு என்னடி பண்ணும், சட்ட போட்டிருந்தேன். இந்தப் படகு ஒன்னயத் தூக்கிட்டு அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கு. கட்டுன கட்டு என்னோடது. ஒத்தையில நீ அதுல அல்லாடுற. பாத்துக்கிட்டே கெடக்கேன், ஒண்ணும் செய்ய முடியல. கண்ண மூடுனா அதுதான் வருது. எதத் தொட்டாலும் அதுதான் வருது. நீ என்னடான்னா இன்னைக்கு…"

மறுபடி முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தார். பிள்ளைக்கு யார் பதில் சொல்வது, ஊருக்கு யார் பதில் சொல்வது, என் அப்பா என்னைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தது, எல்லாம் வந்தது. தையிலிருந்து பேசாமல் சேர்த்து வைத்திருந்த பேச்சு. நான் சொட்டச் சொட்ட உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன். திட்டு வாங்க அவ்வளவு சந்தோசமாக இருந்தது. திட்டிக்கொண்டேதான் படகைத் திருப்பினார். திட்டிக்கொண்டேதான் படித்துறைக்குக் கொண்டுவந்து, இடிக்காமல் நிறுத்தினார்.

படித்துறையில் சாராம்மா நின்றிருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட விடுதிக்காரர், படகை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேட்டா, ஆள் வந்நு" என்றார் சாராம்மா.

என் வீட்டுக்காரர் கயிற்றைச் சாராம்மாவிடம் வீசினார்.

"மொதல்ல இவளுக்கு ஒரு துண்டு குடுங்க டீச்சர்" என்றார். "அந்தாளுக்கு ஒரு காப்பியக் குடுத்து அனுப்பி விட்டுருங்க."